பிள்ளைகளின் பேரைச் சொல்லி

"காப்பகமே வேண்டாம்னு சொல்லலீங்க. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல வேண்டாம்னுதான் சொல்றோம்."

வீடற்றவர்களுக்கு ஒரு தங்குமிடம் கட்டலாம் என்ற பேச்சு எழுந்த மாத்திரத்தில் வரும் முதல் வாக்கியம் இது. கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது! யாரையும் திட்டவில்லை, விரட்டவில்லை, கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள் என்கிறார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளின் பேரைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் எந்த அதிகாரியும் எதிர்த்துப் பேசமாட்டார், எந்த வார்டு உறுப்பினரும் காப்பகத்தின் துணைக்கு வரமாட்டார். மனுவில் நாற்பது கையெழுத்து விழுந்ததும் கோப்பு மூடப்படும்.

சரி, தள்ளி என்றால் எவ்வளவு தூரம்? கட்டாயக் கல்விச் சட்டத்துக்காகத் தமிழ்நாடு 2011-ல் வகுத்த விதிகளின்படி, குடியிருப்பிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும், மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளி இருக்க வேண்டும். காமராசர் காலத்திலிருந்தே ஊர் ஊராகப் பள்ளி திறந்த மாநிலம் இது. ஆள் வாழும் எந்த இடத்தைத் தொட்டாலும் அது ஏதோ ஒரு பள்ளிக்குப் பக்கமாகத்தான் இருக்கும். ஆகவே பள்ளிக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று சொல்கிறவர், ஊருக்குள்ளேயே வேண்டாம் என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறார். பிறகு மிஞ்சுவது ஏரிக்கரையும் சுடுகாட்டு ஓரமும். விளக்கும் தண்ணீரும் இல்லாத, விடிகாலை வேலைக்குக் கிளம்ப பஸ் வராத இடத்தில் கட்டினால் யாரும் போய்ப் படுக்கமாட்டார்கள். 'கட்டிக் கொடுத்தோம், ஒருத்தரும் வரல' என்று அடுத்த வருடமே பூட்டிவிடலாம். அதுவும் வசதிதான்.

இந்த மாநிலத்தில் டாஸ்மாக் கடைக்குக்கூட தூரம் வகுத்திருக்கிறார்கள். மாநகராட்சி, நகராட்சிகளில் பள்ளியிலிருந்து 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். சாராயம் விற்க 100 மீட்டர் தள்ளினால் போதும், ஒரு மனிதர் பாய் விரிக்க ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும் என்றால், நம் பயத்தின் அளவுகோலை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நம் பிள்ளைப்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். சிப்காட் தொழிற்பூங்கா உள்ள ஊர். ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், மறுபக்கம் ஒரகடம், நடுவில் இரவும் பகலும் ஓடும் கம்பெனி பஸ்கள். வீடில்லாதவர் என்றதும் நம் மனதில் சடைபிடித்த தலையும் அழுக்கு மூட்டையும்தான் வருகின்றன. தொழிற்சாலைப் பட்டையில் வீடில்லாதவரின் முகம் வேறு. மேன்பவர் ஏஜென்சி அழைத்துவந்து, வேலை இன்னும் உறுதியாகவில்லை என்று சொல்லிவிட்ட பையன். அறைக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கையில் காசில்லாமல் முதல் சம்பளத்துக்குக் காத்திருப்பவர். தான் கட்டும் கட்டடத்திலேயே குழந்தையோடு படுத்து, அது முடிந்ததும் வெளியே நிற்கும் சித்தாள். பிள்ளைகள் கைவிட்டதால் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவி. இந்தப் பகுதியில் வேலையும் படுக்கையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவை. வேலை போன அன்றே படுக்கையும் போகும். வேலையோ நிரந்தரமில்லை. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதைப் பார்த்தவர்கள் நாம்.

படுக்கை ஒரு பிரச்சினை என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது, பாதி அளவுக்கு. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியில் கெட்டுப்போன உணவால் பெண்கள் நோயுற்றார்கள். சக தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்த பிறகுதான், அவர்கள் எங்கே, எப்படித் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள் என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு பெண் தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. செலவு 706.50 கோடி ரூபாய். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் அந்தக் கதவு தொழிற்சாலை அடையாள அட்டை உள்ளவர்களுக்குத்தான் திறக்கும். அட்டை இல்லாதவர், அட்டையை இழந்தவர், வேலை செய்ய முடியாத வயதில் இருப்பவர் எல்லாம் இன்னும் திண்ணையிலும் கடை வாசலிலும்தான்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்குவதில்லை. இந்தப் பட்டை நெடுகிலும் மாடிமேல் ஷீட் போட்டு, ஓர் அறைக்கு ஆறு பேர், எட்டுப் பேர் என்று வெளியூர் ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அவர்களின் குலம் கோத்திரம் நமக்குத் தெரியாது, பல நேரம் மொழியும் புரியாது. ஒரு ஷிப்ட் ஆள் எழுந்து போனதும் அதே பாயில் இன்னொரு ஷிப்ட் ஆள் படுக்கிறார். அந்த அறைகள் பள்ளியிலிருந்து எத்தனை மீட்டர் என்று யாரும் டேப் பிடித்து அளக்கவில்லை. மாதம் பிறந்தால் வாடகை தரும் அந்நியரிடம் தோன்றாத பயம், தர வக்கில்லாத அந்நியரிடம் மட்டும் தோன்றுகிறது. அந்தப் பயத்துக்குப் பிள்ளைகளின் பேர் எதற்கு?

பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021 அறிக்கையில், குழந்தைகள் மீதான பாலியல் வன்புணர்வு வழக்குகளில் சுமார் 96 விழுக்காட்டில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்: உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்பத்துக்கு வேண்டியவர். அதற்கு முன்பே, 2007-ல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வும் குழந்தை நம்பிய மனிதர்களைத்தான் சுட்டியது. 2024-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாணவிகளுக்கு நடந்த பாலியல் கொடுமையை மறந்திருக்கமாட்டீர்கள். போலி என்.சி.சி. முகாம் ஒன்று ஒரு தனியார் பள்ளியின் வளாகத்துக்குள்ளேயே, நிர்வாகத்தின் அனுமதியோடு நடந்தது. கைதானவர் வாசலுக்கு வெளியே படுத்திருந்தவர் அல்ல. சீருடை போட்டுக்கொண்டு வாசல் வழியாக அழைத்துவரப்பட்டவர். பள்ளிக்கு வெளியே படுத்திருப்பவரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு உள்ளே நடப்பது தெரியாமல் போகிறது. ஆபத்து வெளியில்தான் என்ற நம்பிக்கையால் பிள்ளைகளுக்கு வரும் கேடு அதுதான்.

வாசலுக்கு வெளியே வேறொரு ஆபத்தும் உண்டு. அது சக்கரத்தில் வருகிறது. 2022-ல் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,884 பேர். கன்டெய்னர் லாரிகள் விடாமல் ஓடும் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையையும் சிங்கப்பெருமாள்கோவில் சாலையையும் புத்தகப் பையோடு கடக்கும் பிள்ளைகளுக்காக மேம்பாலமும் வேகத்தடையும் கேட்டு எத்தனை மனு போட்டோம்? காப்பகத்துக்கு எதிராக ஒரே மாலையில் நாற்பது கையெழுத்து சேர்கிறதே!

அந்நியரைக் கண்டு பிள்ளைகளுக்காகப் பயப்படுவது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நம் பக்கத்து மாவட்டங்கள் கண்டிருக்கின்றன. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி. திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த ஒரு மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அதே நாட்களில் பழவேற்காட்டில் வீடின்றித் திரிந்த ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். இருவரும் எந்தப் பிள்ளையையும் கடத்தவில்லை. அடித்த கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரும் தன் ஊர்ப் பிள்ளைகளைக் காப்பதாகத்தான் நினைத்திருப்பார்.

எதிர்ப்பவர்களின் வாதத்தில் சத்தான பகுதி ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மோசமாக நடத்தப்படும் காப்பகம் சுற்றுப்புறத்துக்குத் தொல்லைதான். கழிப்பறை போதாமல், இரவுப் பொறுப்பாளர் இல்லாமல், குடித்துவிட்டு வருபவரையும் மனநலம் குன்றியவரையும் குழந்தையோடு இருக்கும் தாயையும் ஒரே ஹாலில் அடைத்தால் அது யாருக்கும் காப்பு ஆகாது. அப்படியானால் கேட்க வேண்டியது நல்ல நிர்வாகத்தை. உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது: பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும், நாள் முழுவதும் திறந்திருக்க வேண்டும். 2013-ல் வந்த மத்திய அரசின் திட்ட நெறிமுறை, ஆளுக்கு 50 சதுர அடி, குடிநீர், கழிப்பறை, பொறுப்பாளர்கள் என்று வரையறுத்தது. அங்கிருக்கும் குழந்தைகளை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் சேர்க்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. சென்னை மாநகராட்சி ஆண்கள், பெண்கள், சிறுவர், முதியோர் என்று தனித்தனியாகவும், அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளோடு வருபவர்களுக்காகவும் காப்பகங்கள் வைத்திருக்கிறது. பேரேட்டில் பெயர் எழுதி, பொறுப்பாளர் கண்ணெதிரில் படுத்திருக்கும் மனிதரைவிட, பூட்டிய கடைக்கு முன்னால் இருட்டில் படுத்திருக்கும் மனிதர் எப்படிப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாவார்? காப்பகத்தை விரட்டினால் ஆள் மறைவதில்லை. அதே பள்ளியின் மதிலோரத்துக்கே திரும்பி வருகிறார்.

தாயோடு வரும் அந்தக் குழந்தையை நினைத்துப் பார்த்தால் கணக்கே மாறிவிடும். பள்ளி அருகில் இருப்பதுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க முதல் காரணமாக இருக்க வேண்டும். கட்டட வேலைக்கு ஊர் ஊராக அலையும் குடும்பத்துப் பிள்ளைக்குப் பள்ளி மணி காதில் விழும் தூரத்தில் ஒரு படுக்கை கிடைப்பது, அதன் வாழ்க்கையில் ஒருமுறை மட்டும் வரும் வாய்ப்பாக இருக்கலாம்.

பள்ளியும் ஏழைகளின் தங்குமிடமும் அடுத்தடுத்து இருக்கக்கூடாது என்பது நம் மரபிலும் இல்லை. 1802-ல் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தில், இராமேசுவரம் போகும் வழிப்போக்கருக்குச் சோறும் இடமும் கிடைத்தன, பிள்ளைகளுக்குப் பாடமும் அதே சத்திரத்தில் நடந்தது. சென்னை இராயபுரத்தில் 1782 பஞ்சத்தின்போது கஞ்சித்தொட்டியாகத் தொடங்கிய மணியகாரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. 1938-ல் அங்கே மருத்துவக் கல்லூரியே வந்தது. கஞ்சிக்கு வந்தவர்களைக் காட்டி யாரும் கல்லூரியை நிறுத்தவில்லை.

அவ்வளவு பின்னே போவானேன்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் நாம் எங்கே போய்ப் படுத்தோம்? 2023 மிக்ஜாம் புயலில்? பள்ளி வகுப்பறைகளில்தான். மாடி வீட்டுக்காரரும் குடிசைக்காரரும் ஒரே பெஞ்சை நகர்த்திவிட்டுப் பாய் விரித்தார்கள். 2020 ஊரடங்கில் வீடற்றவர்களைச் சென்னை மாநகராட்சி தங்கவைத்ததும் பள்ளிக் கட்டடங்களில்தான். பள்ளிக்குள்ளேயே தங்கலாம், பக்கத்தில் தங்கக்கூடாது என்றால் அது என்ன நியாயம்?

பழகிப் பார்த்தால் பயம் தேய்கிறது என்பதற்கும் இங்கேயே சான்று இருக்கிறது. 1993-ல் சென்னையில் தொடங்கிய பேன்யன் அமைப்பு, மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களுக்குச் சிகிச்சை அளிப்பதோடு நிற்காமல், 2015 முதல் சாதாரணத் தெருக்களில் வாடகைக்கு வீடு எடுத்து நான்கைந்து பேராக அவர்களைக் குடிவைத்துவருகிறது. அவர்கள் கடைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், பக்கத்து வீட்டோடு பேசுகிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம். மேலே சொன்ன மத்திய அரசின் 2013 திட்டம் நகர்ப்புற வீடற்றோருக்கானது. பிள்ளைப்பாக்கம் ஊராட்சி என்பதால் அதன் கணக்கில் வரவில்லை. நகரத்தை மிஞ்சும் தொழிற்சாலைகள் நிற்கும் ஊரில், ஏட்டில் கிராமம் என்பதற்காக ஒரு படுக்கைகூடக் கேட்க முடியாத நிலை. கையெழுத்து இயக்கம் நடத்த வேண்டுமென்றால் இதற்கு எதிராக நடத்துங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், சிப்காட் பகுதி ஊராட்சிகளையும் வீடற்றோருக்கான அரசுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும், பஸ் வசதியும் பள்ளியும் உள்ள இடத்திலேயே காப்பகம் அமைய வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் இருவரைக் காப்பகக் கண்காணிப்புக் குழுவில் சேர்க்கச் சொல்லி அதே தீர்மானத்தில் எழுதுங்கள். பிள்ளைகளின் பேரில் போடும் முதல் கையெழுத்து அதுவாக இருக்கட்டும்.