பழைய காரும் புதிய குளிரும்

யாழ்ப்பாணத்துத் தெருக்களிலே மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் இன்றும் ஓடுகின்றன. 1990களில், பெற்றோல் அரிதாகிய காலத்திலே, மண்ணெண்ணெயை உண்டு நோயாளரையும் இடம்பெயர்ந்தோரையும் சுமந்த வண்டிகள் அவை. அவற்றைப் புதுக்குவோர் பலர் இந்நாளில் குளிரூட்டியும் வேண்டுமென்கின்றனர். சித்திரை வெயிலிலே தகட்டுக் கூரையின்கீழ் அமர்ந்தறிந்தவர் அவ்விருப்பத்தைப் பழியார், நாமும் பழித்திலம். அதனை நிறைவேற்றும் முறை பற்றியே நாம் சொல்லவேண்டியது உண்டு.

பெரிய கொம்பிறசரைப் பூட்டினால் குளிர் மிகும் என்பது பலர் கொள்கை. அது பொருந்தாது. குளிரூட்டி குளிரைப் படைப்பதன்று. வண்டியின் உள்ளிருக்கும் வெப்பத்தைச் சுமந்து சென்று வெளியே கொட்டுவது. கொட்டுமிடம் முகப்பிலுள்ள ஒடுக்கியாகும். அது சிறிதாயின், அன்றி அதனூடே காற்றுச் செல்லாதாயின், கொம்பிறசர் எத்துணைப் பெரிதாயினும் பயனில்லை. சந்தியிலே வண்டி நிற்கும்பொழுது போதிய காற்றைத் தர ஒடுக்கிக்கு ஒரு மின்விசிறி உதவும்.

முன்னரே குளிரூட்டி பூட்டிய பழைய வண்டிகளுக்கு வேறோர் இடருண்டு. அவற்றில் இருந்த ஆர்-12 வாயு ஓசோன் படையைக் கெடுப்பது. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை அதற்கு முடிவு கட்டிற்று. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ, கடும் வெப்பத்திலே முன்னையதினும் உயர்ந்த அமுக்கத்தில் தொழிற்படும். பழைய ஒடுக்கி அதற்குப் போதாது. பழைய எண்ணெயும் அதனொடு கலவாது. வாயுவை மட்டும் மாற்றிவிட்டுக் குளிரில்லை என நொந்துகொள்வதிற் பொருளில்லை.

இனி, வண்டியின் வலியையும் நோக்குதல் வேண்டும். 1956இல் வந்த மொறிஸ் மைனர் 1000, 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் 37 குதிரைவலுவும் உடையது. அவற்றுட் சிலவற்றைக் கொம்பிறசர் தானே உண்டுவிடும். அதன் டைனமோ, எஞ்சின் மெல்லச் சுழலும்போது விசிறிக்குப் போதிய மின் தராது, பற்றரி வற்றும். ஒல்ரனேற்றர் ஒன்றை முதலிற் பூட்டுதலே முறை. ஒடுக்கி வெளிவிடும் சூட்டையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருத்தலின், றேடியேற்றரும் செவ்வையாக இருத்தல் வேண்டும்.

இவை யாவற்றுக்கும் முன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கூரையின் உட்புறத்திலும் எஞ்சினை மறைக்கும் சுவரிலும் வெப்பந்தடுக்கும் விரிப்பை ஒட்டுக. கதவுகளின் இறப்பர்ப் பட்டிகளைப் புதுப்பிக்க. புகாத வெப்பத்தை வெளியேற்றவேண்டியதில்லை அன்றோ? சிறு எஞ்சினுக்கு இதனினும் பெரிய உதவி பிறிதில்லை.

முடிவாக ஒன்று. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போன் தன் திருத்தத்தை மூலத்துட் புகுத்தான், அடிக்குறிப்பிலே வைப்பான். பின்வருவோன் வேண்டின் கொள்வான், வேண்டாவிடின் விடுவான். காரைப் புதுக்குவோரும் அந்நெறியே பற்றுக. ஆவியாக்கியை முன்தட்டின் கீழே, முன்னுள்ள துளைகளில் ஆணியிட்டுத் தொங்கவிடலாம், தட்டை அறுக்கவேண்டா. கழற்றிய டைனமோவை எறியாது பேணி வைக்க. பூட்டியதைக் கழற்றலாம், அறுத்த தகடு பழைய தகடாகாது. நம் வசதிக்கு உரிமை உண்டு. ஆயின், அவ்வண்டியைப் பின்னொரு நாள் உள்ளவாறு காணவிரும்பும் பிள்ளைக்கும் உரிமை உண்டென்பதை மறத்தலாகாது.