பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றீர்களே

"ஒரு பிள்ளை பெத்துக்க, எல்லாம் சரியாயிடும்." எத்தனை பேர் சொன்னீர்கள்! பள்ளிக்கூட பெஞ்சில் மாதவிலக்கு வலியில் சுருண்டு கிடந்தபோது டீச்சர் சொன்னார். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மாத்திரை எடுத்துக் கொடுத்த அண்ணன் சொன்னார். கல்யாணம் பேசும்போது அம்மா சொன்னாள், கல்யாணத்துக்குப் பிறகு அத்தை சொன்னார். அந்தப் பிள்ளையைத்தான் இந்த வலி உள்ளுக்குள் இருந்து பறித்துக்கொண்டிருக்கிறது என்று உங்களில் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லையே!

இப்போது செயற்கைக் கருத்தரிப்பு முறையில் எனக்குக் கரு வைத்திருக்கிறார்கள். கோயம்புத்தூரில் வைத்துக்கொண்டு குன்னூருக்கு மலையேறி வந்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனைக்குக் குறித்துக் கொடுத்த நாள் இன்னும் வரவில்லை. வலி மட்டும் வந்துவிட்டது.

என் நோய்க்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். கருப்பையின் உட்சுவரில் இருக்க வேண்டிய படலத்தைப் போன்ற ஒன்று சினைப்பையிலும் கருக்குழாயிலும் குடலின் மேலும் ஒட்டி வளர்கிறது. மாதம்தோறும் அதுவும் கசிகிறது. கசிந்தது வெளியேற வழியில்லாமல் அங்கேயே புண்ணாகி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கினால் அதை 'சாக்லேட் கட்டி' என்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. எங்கள் எஸ்டேட் லைனில் பத்து வீடு இருந்தால் எத்தனை பெண்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அத்தனை பேரும் வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனவர்கள்தான்.

என் பாட்டி 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவள். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. "நாங்கெல்லாம் வலியோடதான் மலைக்குப் போனோம்" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அந்த வலி ஏன் வந்தது என்று கேட்க எந்த டாக்டருக்கும் நேரம் இருக்கவில்லை. அவள் தாங்கிக்கொண்டதைக் காட்டி என்னையும் தாங்கச் சொன்னீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நோய்க்குப் பெயர் தெரிவதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. கட்டியை எடுத்தார்கள். எடுக்கும்போது சினைப்பையின் நல்ல பகுதியும் கொஞ்சம் போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. முட்டை இருப்பு குறைந்துவிட்டது என்று ரிப்போர்ட் வந்தது. முன்பே தெரிந்திருந்தால் மருந்தில் அடக்கியிருக்கலாம், முட்டையை எடுத்துச் சேமித்திருக்கலாம், எதையாவது செய்திருக்கலாம். பிள்ளை பெற்றால் சரியாகும் என்ற அந்த வைத்தியமும் பொய். இந்த நோயைத் தீர்ப்பதற்காகக் கருத்தரிக்கச் சொல்லக் கூடாது என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவ நிபுணர்களின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. அந்த வரி எங்கள் மலைக்கு இன்னும் ஏறி வரவில்லை.

இந்தக் காத்திருப்பின் வலி வேறு மாதிரியானது. இத்தனை வருடமும் என்னை நிமிர்த்தி வைத்திருந்த மெஃப்டால் வலி மாத்திரையை இப்போது தொடக் கூடாது. கரு ஒட்டுவதைக் கெடுக்கலாமாம். பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம், இந்த வலிக்கு அது எந்த மூலைக்கு? வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் வைக்காதே என்றார்கள். இந்த மழைக் குளிரில், சுவர் எல்லாம் ஓதம் ஏறி நிற்கிற வீட்டில், அந்தப் பைதான் எனக்கு இருந்த ஒரே துணை. கரு தங்குவதற்காகப் போடும் புரோஜெஸ்டிரோன் ஊசி எண்ணெயில் கலந்தது, குளிரில் இறுகிவிடும். உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிய பிறகுதான் நர்ஸ் அக்கா போடுகிறார். போட்ட இடம் கல்லாகிறது. இடுப்பில் ஒரு பிடி பிடித்தால் அது பழைய நோயா, ஊசியா, கரு ஒட்டுகிறதா, மாதவிலக்கு வரப்போகிறதா, எதுவும் தெரியாது. நான்கும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி வலிக்கின்றன. ஒவ்வொரு முறை கழிவறைக்குப் போகும்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் போகிறேன்.

இதற்கு நடுவில் குற்றச்சாட்டு வேறு. "பஸ்ஸில அத்தனை கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தியே, குலுங்கியிருக்கும்" என்கிறார் அத்தை. கரு குலுங்கி விழாது. படுத்தே கிடந்தால் ஒட்டும் என்பதற்கும் ஆதாரம் இல்லை, நடமாடு என்றுதான் டாக்டர் சொன்னார். ஒட்டாமல் போகிற கருக்களில் பலவற்றுக்குக் காரணம் அந்தக் கருவின் குரோமோசோம் கோளாறு. பெண் செய்த வேலையோ, ஏறிய பஸ்ஸோ, சாப்பிட்ட பப்பாளியோ இல்லை. இதை நான் சொன்னால் வாய் பேசுகிறேன் என்கிறார்கள்.

தொழிற்சாலையில் கொழுந்து எடைக் கணக்கு எழுதுவது என் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே எழுத வேண்டும். அதிகாரியிடம் லீவு கேட்டுப் போனேன்.

"மாசமா இருக்கியாம்மா?"

"இன்னும் தெரியாது சார். கரு வச்சிருக்கு."

"அப்போ மெட்டர்னிட்டி லீவு வராதும்மா. சம்பளம் இல்லாம வேணும்னா எடுத்துக்க."

அவரைத் திட்டிப் பயனில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் பிரசவத்துக்கு விடுப்பு உண்டு, 2017 முதல் அது 26 வாரம். கரு கலைந்தால் ஆறு வாரம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு இரண்டு வாரம். அந்தச் சட்டத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே கணக்குதான். கருவை வைத்துக்கொண்டு காத்திருக்கிறவளுக்கு ஒரு நாள்கூட இல்லை. 2021இல் செயற்கைக் கருத்தரிப்புக்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். பெண்ணுக்கு 21 முதல் 50 வயதுவரை, ஆணுக்கு 55வரை என்று எழுதினார்கள். அவளுடைய கூலியைப் பற்றி அதில் எதுவும் இல்லை. பிரதமரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலோ கருத்தரிப்புச் சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கிறது. பிள்ளை வேண்டாம் என்று அடைத்துக்கொண்டால் சம்பளத்தோடு ஓய்வு. வந்த பிள்ளை போய்விட்டால் சம்பளத்தோடு ஓய்வு. அது தங்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற எனக்கு மட்டும் ஏன் இல்லை? என் தாலிச் சங்கிலி ஊசிக்கும் மருந்துக்கும் போய்விட்டது. அடுத்து விற்க எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை.

ரிசல்ட் எப்படி வேண்டுமானாலும் வரட்டும். இல்லை என்று வந்தால் என்னை மலடி என்று ஒருவரும் சொல்லக் கூடாது. என் வலியை நம்பாமல் தள்ளிப்போட்ட ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு.

குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பள்ளிக்கூடங்களில் இருக்கிற டீச்சர்களே, மாதாமாதம் வலியில் சுருண்டு வகுப்புக்கு வராமல் போகிற பெண்ணை 'நடிக்கிறாள்' என்று விட்டுவிடாதீர்கள். அவள் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பெண்கள் நோய் டாக்டரிடம் அனுப்புங்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னாலும் வலி தொடர்ந்தால் மறுபடியும் அனுப்புங்கள். ஆரம்பத்தில் இந்த நோய் சாதாரண ஸ்கேனில் தப்பிவிடக்கூடும். சட்டம் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு வரி: கரு கலைந்த பிறகு கொடுக்கிற ஆறு வாரத்தில் இரண்டு வாரத்தை, கரு வைத்த அன்றே சம்பளத்தோடு கொடுங்கள்.