அழித்த பெயரும் அழியாத காசும்

உரோமப் பேரரசின் நாணயங்களைப் பேசுவோர் பொற்காசுகளையே வியந்து போற்றுவர். களிம்பேறிய சிறு வெண்கலக் காசுகளைப் பொருட்படுத்துவோர் சிலரே. ஆயினும் பொன்னினும் வெண்கலமே வரலாற்றுக்கு உற்ற சான்று என்பது நம் கருத்து.

கி.பி. 317இல் பேரரசர் கான்ஸ்டன்டைனும், கிழக்குப் பகுதியை ஆண்ட லிசினியசும் தம் மைந்தர் மூவரைக் 'கேசர்' என்னும் பட்டத்தினராக அறிவித்தனர். அம்மூவருள் இருவர் இரண்டு வயதும் நிரம்பாத மழலையர்! தளர்நடை பயிலும் பிள்ளையை, முடிசூடிய இளைஞனாகக் காசில் பொறித்து நாடெங்கும் உலவவிட்டனர். ஆதலின், வெண்கலம் பொய்யே உரையாது என்று நாம் வாதிட வரவில்லை. அரசன் உரைக்கச் சொன்ன பொய்யை அது உரைக்கத்தான் செய்தது. ஆனால் அவன் மறைக்கச் சொன்னதை அது மறைக்கவில்லை. நாம் கருதத்தக்கது இதுவே.

மூவருள் மூத்தவன் கிரிஸ்பஸ். 324இல், பகைவனாகிவிட்ட லிசினியசின் கடற்படையை வென்று தந்தைக்கு வெற்றி தேடித் தந்தவன். அவ்வாண்டு முதல் வெளிவந்த அவன் காசுகளின் பின்புறத்தில் கோட்டை வாயிலும், கேசர்களின் முன்னறிவைப் போற்றும் தொடரும் காணப்படுகின்றன. 326இல் அவன் தந்தையின் ஆணையாலேயே போலா நகரில் கொல்லப்பட்டான். காரணம் குறித்து அறிஞரிடையே இன்றும் உடன்பாடில்லை. கல்வெட்டுகளில் அவன் பெயர் செதுக்கி நீக்கப்பட்டது. திருச்சபை வரலாற்றில் அவனைப் புகழ்ந்த யூசிபியஸ், பின்னர்க் கான்ஸ்டன்டைனின் வாழ்வை எழுதியபோது வாய் திறக்கவில்லை. புலமை அரசவைக்கு அஞ்சிய காட்சி இது. எழுதுகோல் பிடிக்கும் நாமும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

காசை என் செய்வது? ஏறத்தாழ மூன்று கிராம் எடையுள்ள அச்சிறு வட்டங்கள் சந்தையிலும், படைவீரர் பையிலும், மண்ணில் புதைத்த கலயங்களிலும் பரவிவிட்டன. முன்னர், 211இல் காராகல்லா தன் தம்பி கேட்டாவைக் கொன்றபின், சின்ன ஆசிய நகரங்கள் சிலவற்றில் காசுகளிலிருந்த தம்பியின் முகத்தைச் சுரண்டினர். அங்கும் சிலவற்றைத்தான் சுரண்ட முடிந்தது.

அரச ஆணைக்குத் தப்பிய இக்காசுகளுக்கு இன்று வணிகமே பகை. தோண்டியெடுத்த புதையலைப் பிரித்து விற்பதால், எக்காசு எதனுடன் எங்குக் கிடந்தது என்னும் செய்தி மறைகிறது. பளபளப்புக்காக அமிலத்தில் இட்டால், அடியில் அக்கசாலையைக் குறிக்கும் நுண்ணெழுத்துகளும் தேய்கின்றன. நான்காம் நூற்றாண்டு உரோமச் செப்புக் காசுகள் கரூரிலும் இலங்கையிலும் கிடைத்துள்ளமையால், இவ்விழப்பு நமக்கும் உரியதே. பழங்காசு ஒன்று மாணவர் கைக்கு வருமாயின், விலையை வினவுமுன் அது கிடைத்த இடத்தை வினவிக் குறித்துக்கொள்க. துலக்காமல் அருங்காட்சியகத்தாரிடம் காட்டுக.