பேர் பதிந்த செக்ரோலும் பேரில்லாப் பாட்டும்

இலங்கை மலையகத்தின் முதல் அச்சு நூலாக ஆய்வாளர்கள் காட்டுவது ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' (1869). கோப்பித் தோட்ட வேலையை எப்படிச் செய்வது என்று தொழிலாளருக்குப் பாடம் சொல்லும் அந்தக் கும்மியின் குரல் துரைமார் பக்கம் நிற்கிறது. துரைமார் தமிழ் பழக அச்சான கையேட்டின் தலைப்போ 'இங்கே வா'. ஏவலாகத்தான் தமிழ் இங்கே அச்சேறியது. அந்த நாளில் லயங்கள் ஊமையாக இருக்கவில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் கங்காணியை ஏசும் பாட்டும் இருந்தன. அவற்றை எழுதிவைக்கத்தான் ஆளில்லை.

அது தற்செயலும் அல்ல. 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தரும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் விட்டது. பத்து வயதுக்கு அப்பால் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம். அமெரிக்காவின் தென் கரோலினா 1740இல் அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தடைசெய்தது. வாசிக்கக் கற்பிப்பதை அச்சட்டம் தடுக்கவில்லை. இங்கே அப்படியொரு தடை தேவைப்படவில்லை. படிப்பை நான்கு வருடத்தோடு நிறுத்தினாலே போதும், எழுதும் கை உருவாகாது.

1854 முதலே கிறித்தவ மிஷன் எழுத்தறிவித்ததே என்பார்கள். உண்மை, அந்தக் கடனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வேதம் வாசிக்கக் கிடைத்த எழுத்து வேறு, 1940இல் மீனாட்சியம்மை தொழிலாளர் துயரைப் பாட்டாக்கி அச்சிட்ட எழுத்து வேறு. பின்னது பள்ளிக்கூடம் எதிர்பாராதது. வாய்மொழிப் பாட்டுக்கு ஆசிரியர் இல்லை, அதை எப்படி இலக்கிய வரலாற்றில் சேர்ப்பது என்பது அடுத்த கேள்வி. கொழுந்தெடுத்த பெண்ணின் பேரைச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் நாள்தோறும் பதிந்தார்கள்; அவள் கட்டிய பாட்டுக்குக் கீழே யாரும் அதை எழுதவில்லை. பதியாமல் விட்டது எழுதத் தெரிந்தவர்களின் குறை. அதைப் பாட்டின் குறையாக்கி இலக்கியத்துக்கு வெளியே நிறுத்துவது நியாயமல்ல. சி.வி. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்க'ளைத் தொகுத்ததன் பெறுமதி இங்கேதான். எனவே 1869ஐ அச்சின் தொடக்கம் என்போம். இலக்கியத்தின் தொடக்கம் என்று சொல்வதை விடுவோம்.

இன்று உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் லயங்களில் இருக்கிறார்கள். பாட்டுத் தெரிந்த அப்பாயிகளும் அதே காம்பராவில் இருக்கிறார்கள். கேட்டு எழுதியனுப்புங்கள். பாடியவர் பேரையும் தோட்டத்தின் பேரையும் மறக்காமல் போடுங்கள்.