பத்து சதவீதமும் தொண்ணூற்றேழு சதவீதமும்

மக்களே, ஒரு கணக்கு போடலாம் வாங்க. (பேங்க்காரன்கிட்ட வேற என்ன எதிர்பார்க்கறீங்க!)

2024 ஜூலை பட்ஜெட்டில் மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்கவரியை எடுத்தார்கள். அதில் ஒன்று நுரையீரல் புற்றுநோய்க்கான ஒசிமெர்டினிப். ஏழைக்கு விடிவுகாலம்னு மஸ்கட் வரைக்கும் ஃபார்வர்டு வந்தது. எடுத்தது பத்து சதவீதம் சாமி!

இந்த வகை மருந்துக்குக் கைனேஸ் தடுப்பான் என்று பெயர். செல்லுக்குள் கைனேஸ் என்ற நொதி கெட்டுப்போய், 'வளரு, பெருகு' என்று ஓயாமல் உத்தரவு போடும். மாத்திரை அதன் வாயை அடைக்கும். நிறுத்தினால் பல பேருக்கு நோய் திரும்பிவிடும். கடைசித் தவணையே இல்லாத கடன் மாதிரி.

எங்க ஊர் உடும்பஞ்சோலை. போடிமெட்டு, கம்பம்மெட்டு ஏறி ஜீப்பில் நெருக்கியடித்து ஏலக்காட்டு வேலைக்கு வருகிற தேனிப் பக்கத்து அக்காமார் ஒருத்தருக்கு இந்த நோய் வந்தால், மிச்சத் தொண்ணூறு சதவீதத்தை யார் கட்டுவது?

விலை நிஜமாகவே விழுந்த கதை வேறு. ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப், நோவார்ட்டிஸ் விலையில் மாதம் சுமார் 1,20,000 ரூபாய். நம்மூர் கம்பெனிகள் பத்தாயிரத்துக்குள் கொடுத்தன. பழைய மருந்தின் புது வடிவத்துக்கு, பலன் கூடினால்தான் காப்புரிமை என்கிறது சட்டத்தின் 3(டி) பிரிவு. அதைக் காட்டி சென்னை காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

2012இல் இன்னொன்று. பேயரின் சோராஃபெனிப் மாதம் சுமார் 2,80,000. காப்புரிமைத் தலைமை அதிகாரியாக இருந்த பி.எச். குரியன் (நம்ம கேரளா ஐஏஎஸ்தான்) நாட்கோவுக்குக் கட்டாய உரிமம் கொடுத்தார். விலை 8,800. தொண்ணூற்றேழு சதவீதம் குறைவு!

"ஆராய்ச்சிக்குக் காசு வேணாமா?" வேணும் சார். பேயருக்கு ஆறு சதவீத ராயல்டி போட்டது அதுக்குத்தான். "ஆயிரக்கணக்கானவங்களுக்கு இலவசமா கொடுத்தோமே" என்பது நோவார்ட்டிஸ் தரப்பு. கொடுத்தாங்க, மறுக்கலை. தானத்தை நாளைக்கு நிறுத்தினா எந்த கவுண்ட்டர்ல போய்க் கேட்கறது?

அதுக்கப்புறம் ஒரு கட்டாய உரிமம்கூட இல்லை. டாசாடினிப் என்ற இன்னொரு கைனேஸ் தடுப்பானுக்கு வந்த விண்ணப்பத்தை 2013இல் தள்ளிவிட்டார்கள். கம்பெனி எதுவும் கேட்கலைன்னு சாக்கு சொல்லவும் முடியாது. அவசரத் தேவைன்னா அரசே அறிவிக்க 92ஆவது பிரிவு இருக்கு. வரியைக் கழித்துக் கைதட்டல் வாங்குகிறவர்கள், அந்தப் பிரிவைத் தொடவே ஏன் பயப்படுகிறார்கள் என்று சொல்லட்டும்.