"லினக்ஸை நீக்கு" என்பது நோயறிதல் அன்று

தில்லியில் மே மாத நடுப்பகுதி. விடுதியறையின் வெப்பமானி மாலை ஏழு மணிக்கும் 38 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது. 2022-23ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவினக் கணக்கெடுப்பில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் பதிவுகள் உள்ளன. அவற்றை வைத்து என் மடிக்கணினி இரவு முழுதும் மறுமாதிரிக் கணக்குகளை ஓட்ட வேண்டும். தொடர்ந்து மூன்று இரவுகள், நள்ளிரவுக்குப் பின் அது தானாக அணைந்துபோயிற்று. ஆய்வேட்டின் நான்காம் இயலை நெறியாளரிடம் ஒப்படைக்கப் பதினொரு நாள்களே எஞ்சியிருந்தன.

நேரு பிளேஸில் ஒரு பழுதுபார்ப்புக் கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் திரையை ஒருமுறை பார்த்தார். கணினியின் அடிப்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "லினக்ஸ் போட்டிருக்கிறீர்கள், அதனால்தான் சூடாகிறது. நீக்கிவிட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறேன்" என்றார். அன்றிரவே, லினக்ஸ்மீது பெரும்பற்றுக் கொண்ட நண்பர் ஒருவர் அதே அளவு உறுதியோடு சில கட்டளைகளை அனுப்பிவைத்தார்: டிஎல்பியை நிறுவு, தெர்மல்டியை நிறுவு, டர்போவை முடக்கு. அவரும் என் கணினியைப் பார்த்தவரல்லர். எதிரெதிர் அணியினராகத் தோன்றும் இவ்விருவரும் செய்தது ஒரே தவறு என்பது என் கருத்து. அளக்காமலே மருந்து எழுதினார்கள்.

இதில் எனக்கு வருத்தம் தருவது, அளப்பதற்கு லினக்ஸில் ஒரு தடையும் இல்லை என்பதுதான். 'சென்சார்ஸ்' என்ற ஒரே கட்டளை, செயலியின் ஒவ்வொரு கருவும் எத்தனை டிகிரியில் இருக்கிறது, அதன் ஆபத்து எல்லை எவ்வளவு (என்னுடையதில் 100) என்று சொல்லிவிடுகிறது. 'டாப்' கட்டளை, யார் வேலை வாங்குகிறார்கள் என்று காட்டுகிறது. முந்தைய இரவின் கெர்னல் பதிவுகளைத் திறந்தேன். கணினி அணைவதற்கு முன், வெப்பம் எல்லை மீறியதால் செயலியின் வேகம் குறைக்கப்பட்டது என்ற செய்தி வரிவரியாக நின்றது. மின்கலமோ மின்னிணைப்போ காரணம் அன்று, வெப்பமே காரணம் என்பது உறுதியாயிற்று.

அளவீட்டையும் கண்மூடி நம்பலாகாது. 2024 மே 29 அன்று முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி காட்டி நாட்டையே திகைக்க வைத்ததும், அக்கருவி ஏறத்தாழ மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டியிருக்கிறது என்று பின்னர் வானிலைத் துறை கண்டறிந்ததும் தில்லிவாசிகளுக்கு நினைவிருக்கும். என் கணினியில் ஓர் உணரி எந்நேரமும் 27.8 டிகிரியையே காட்டிற்று. அறையே 38 டிகிரியில் இருக்கையில், காற்றால் குளிர்விக்கப்படும் கருவியின் எந்தப் பகுதியும் அதனினும் குளிர்ந்திருக்க வழியில்லை. அந்த உணரியைக் கணக்கிலிருந்து விலக்கினேன். இதே காரணத்தால், குளிரூட்டிய அறையில் அமர்ந்து எழுதப்படும் "வெறுமனே இருக்கையில் 45 டிகிரிதான் இருக்க வேண்டும்" போன்ற அறிவுரைகளும் நம் விடுதிகளுக்குப் பொருந்தா. நம் கணினிகள் தொடங்கும்போதே பத்துப் பதினைந்து டிகிரி கடன்பட்டுத் தொடங்குகின்றன.

இனி, கண்டவை. ஒரு நிரலும் ஓடாதபோதே செயலி 64 டிகிரியில் இருந்தது. கோப்புகளைத் தேடுவதற்கு வசதியாகப் பட்டியலிடும் 'டிராக்கர்' என்னும் சேவை, என் நிரல் இரவெல்லாம் எழுதிக் குவித்த ஆயிரக்கணக்கான இடைநிலைக் கோப்புகளைப் பகலெல்லாம் படித்துக்கொண்டிருந்தது. தரவு அடைவை அதன் பார்வையிலிருந்து விலக்கியதும் 57க்கு இறங்கிற்று. ஆக, கடைக்காரர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருந்தது. லினக்ஸ் பற்றாளர்கள் இதை ஒப்புக்கொள்வதில் சிறுமை ஒன்றும் இல்லை.

அடுத்த குற்றவாளி நான். என் செயலியில் ஒரே நேரத்தில் எட்டு இழைகள் ஓடலாம். ஆகவே ஆர் மொழியில் எட்டு இணைப்பணிகளைத் தொடங்கும்படி நிரல் எழுதியிருந்தேன். ஆனால் வேகத்துக்கென்று நானே முன்பு நிறுவிய ஓப்பன்பிளாஸ் என்ற அணிக் கணக்கு நூலகம், அவ்வெட்டுப் பணிகள் ஒவ்வொன்றிலும் தன் பங்குக்கு எட்டு இழைகளைத் திறந்தது. எட்டு இருக்கைகளுக்கு அறுபத்து நான்கு பேர் முண்டியடித்தார்கள். வேலையைவிட இடம் மாறுவதிலேயே பெரும்பொழுது கழிந்தது. பணிக்கு ஓர் இழை போதும் என்று ஒரே ஒரு சூழல் மாறியால் கட்டுப்படுத்தினேன். ஒன்பது மணி நேரக் கணக்கு ஆறு மணி நேரத்துக்குள் முடிந்தது. வெப்பத்தைத் தேடப் போய் என் நிரலின் பிழையைக் கண்டேன். விண்டோஸுக்கு மாறியிருந்தால் அப்பிழையும் உடன் வந்திருக்கும்.

அப்போதும் உச்சம் 98 டிகிரி. விசிறி இரைந்தது, ஆனால் பக்கவாட்டுத் துளையில் கை வைத்தால் காற்று வரவில்லை. மின்னிணைப்பை நீக்கி, பின்மூடியைத் திறந்து, மின்கலத்தையும் கழற்றினேன். விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையில் நான்கு கோடைகளின் தூசு கம்பளித் துண்டுபோல் படிந்திருந்தது. விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் நீக்கினேன். செயலியின் மேலிருந்த வெப்பப் பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. துடைத்துப் புதிதாக இட்டேன். உச்சம் 83 டிகிரியாயிற்று.

நண்பர் அனுப்பிய கட்டளைகள் பொய்யல்ல. செயலி உண்ணும் மின்திறன் அதன் வேகத்தோடும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் உயர்வதால், டர்போவை முடக்கினால் வெப்பம் நிச்சயம் குறையும். ஆனால் அதையே முதலில் செய்திருந்தால், கணினி அணையாமல் மெதுவாக ஓடியிருக்கும். தூசும் என் பிழையும் உள்ளேயே மறைந்திருக்க, நானும் மனநிறைவு கொண்டிருப்பேன்.

ஒன்றை மட்டும் துறையினரின் கவனத்துக்கு வைக்கிறேன். இத்தகைய கணக்குகள் மாணவரின் சொந்த மடிக்கணினியில், குளிரூட்டி இல்லாத அறையில் ஓட வேண்டியவையே அல்ல. துறையின் வழங்கிக் கணினி குளிரூட்டிய அறையில்தான் இருக்கிறது. அதில் கணக்குத் திறக்க மூன்று கையொப்பங்கள் வேண்டும். என் விண்ணப்பம் மார்ச்சிலிருந்து இரண்டாம் கையொப்பத்தில் நிற்கிறது.

நான்காம் இயல் ஒரு நாள் முன்னதாகவே போய்விட்டது. ஞாயிறு காலை என் அறையில் தூரிகையும் மீதிப் பசையும் இருக்கும். கணினியைத் தூக்கி வருவோர், முந்தைய இரவின் வெப்ப அளவுகளையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.