பதினெட்டு வயதுக்குப் பிறகு யார் துணை?

மூளை முடக்குவாதம் என்றதும் நம் மனக்கண்முன் வருவது ஒரு குழந்தைதான். சிறப்புப் பள்ளி, இயன்முறை சிகிச்சை, கிறிஸ்மஸ் கால உதவி என எல்லாமே குழந்தையை மனத்தில் வைத்தே நடக்கின்றன. ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து நாற்பது, ஐம்பது வயதை எட்டுகிறது. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு கூடுவதில்லை. தசை இறுக்கமும் மூட்டுவலியும் களைப்பும் வயதோடு கூடுகின்றன. தூக்கிச் சுமந்த தாய்க்கோ எழுபது வயதாகிவிடுகிறது. "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள், சாமி?" நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

இக்கேள்விக்குச் சட்டம் ஓரளவு பதில் சொல்லியிருக்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பதினெட்டு வயதைக் கடந்தவருக்குத் தேவைப்பட்டால் சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். இதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. இவற்றை அறியாத குடும்பங்கள் நம் பங்குகளிலேயே உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பேச்சு குழறுவதால் அறிவு குறைவு என்று நாம் முடிவுகட்டிவிடலாகாது. பாதுகாவலர் எல்லாருக்கும் தேவையில்லை. தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கக் கூடியவருக்கு அது உரிமைப் பறிப்பாகிவிடும். மூளை முடக்குவாதம் உள்ள கொல்கத்தா சமூக ஆர்வலர் ஜீஜா கோஷ் 2012இல் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் ஓய்ந்துவிடவில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

எல்லாராலும் உச்ச நீதிமன்றம் வரை செல்ல இயலாது. ஆனால் உள்ளாட்சி மன்றம் நம் தெருவில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி அமைப்புகளில் நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தங்களைத் தமிழக சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. இது சலுகையன்று, வாய்ப்பு. சாய்தளமும் இயன்முறை சிகிச்சையும் இனி அங்கே பேசப்பட வேண்டும். அவர்களோடு நாமும் கிராம சபையில் போய் அமர்ந்தால்தான் அக்குரல் எடுபடும்.

முடக்குவாதமுற்றவரைக் கூரை வழியே இறக்கிய நால்வரின் பெயரை மாற்கு சொல்லவில்லை. நம் அன்பியங்களுக்கும் அத்தகைய நால்வர் போதும். இத்தகைய இல்லங்களைக் கணக்கெடுக்க ஒருவர், விண்ணப்பம் எழுத ஒருவர், ஆட்சியர் அலுவலகத்திற்கு வண்டியோட்டிச் செல்ல ஒருவர். நான்காமவர், அன்று முழுவதும் அந்தத் தாய்க்குப் பதிலாக வீட்டில் இருப்பவர்.